நான்காவது லெவலில் காற்று: மூன்றாவது குழியில் எல்லோரும் விழுகிறார்கள், உதவி வேண்டும்

கணவாய்க்காற்று:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஒன்றரை வருடமாக ஒரு மேரியோ ஃபேன் கேம், அதாவது ரசிகன் தானே செய்யும் வீடியோ கேம், செய்துகொண்டிருக்கிறேன், கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில். ஓடுவது, குதிப்பது, எதிரியின் தலையை மிதிப்பது எல்லாம் 1985 மேரியோ மாதிரியே. இடம் மட்டும் எங்கள் ஊர். முதல் மூன்று லெவல்கள் ஓரளவு அமைந்துவிட்டன. நான்காவதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அதன் பெயர் ‘கணவாய்’. இந்தப் பக்கம் வராதவர்களுக்குச் சொல்கிறேன்: மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு வாசல் விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நுழைகிறது. ஆடி மாதம் எங்கள் மொட்டைமாடியில் வேட்டி காயப்போட்டால் நான்கு கிளிப் மாட்டவேண்டும். அந்தக் காற்றை ஒரு லெவலுக்குள் கொண்டுவரவேண்டும் என்பது தொடங்கிய நாளிலிருந்து ஆசை. இந்த ஒரு லெவலுக்காகத்தான் மற்ற மூன்றையும் செய்தேன் என்றே சொல்லலாம்.

கணக்கு இதுதான். ஒரு கட்டம் 16 பிக்சல். ஓட்டம் வினாடிக்கு 150 பிக்சல். முழு ஜம்ப் 0.7 வினாடி. அதாவது காற்றில்லாமல் 105 பிக்சல், ஆறரைக் கட்டம் தாண்டலாம். ஆள் இடமிருந்து வலம் போகிறான், காற்று எதிரே வலப்பக்கத்திலிருந்து வீசுகிறது. வீசும்போது வேகத்தில் 40 குறையும், தரையிலும் சரி, அந்தரத்திலும் சரி. எப்போது வீசும், எவ்வளவு நேரம் வீசும் என்பதை ரேண்டமாக விட்டிருக்கிறேன், ஏனென்றால் நிஜக் காற்று அப்படித்தான். மூன்றாவது குழி 5 கட்டம், கீழே முள்.

ஏழு பேரிடம் விளையாடக் கொடுத்தேன். ஏழு பேரும் அங்கேதான் விழுந்தார்கள். ஐந்து பேர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ‘கஷ்டமா இருக்கு’ என்று சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்கமாட்டேன். என் அக்கா பையன் சொன்னது வேறு: “மாமா, நான் சரியாத்தான் குதிச்சேன்.” அது மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

குழிக்கு முன்னால் ‘காற்று ஓயும்வரை நில்’ என்று ஒரு பலகைகூட வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

வாளையார்_8பிட்:

தம்பி, கணக்கைத் தெளிவாகப் போட்டதற்கு நன்றி. அதே கணக்கில் இன்னும் ஒரு படி போகலாம்.

எதிர்க்காற்றில் உங்கள் ஆளின் வேகம் 110. 0.7 வினாடியில் 77 பிக்சல். குழியோ 5 கட்டம், 80 பிக்சல். பார்த்தால் தாண்டவே முடியாது போலத் தெரியும். ஆனால் ஆளுக்கும் அகலம் உண்டு. 12 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். பின்னங்கால் விளிம்பில் இருக்கும்போது குதித்து, முன்னங்கால் அடுத்த விளிம்பைத் தொட்டால் போதும். அப்படியானால் தாண்டவேண்டியது 68 பிக்சல்தான். மிச்சம் 9 பிக்சல். 110-ஆல் வகுத்தால் 0.08 வினாடி. திரையில் வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், என்ற கணக்கில் 5 பிரேம்.

ஐந்து பிரேமில் குதிக்கத் தெரிந்தவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான், ஏனென்றால் அந்தக் குழியை ஆயிரம் தடவை தாண்டியிருக்கிறீர்கள். 2015-இல் வந்த மேரியோ மேக்கரில், தான் செய்த லெவலைத் தானே முடித்துக் காட்டினால்தான் மற்றவர்களுக்கு ஏற்றமுடிந்தது. நல்ல விதி. ஆனால் முடிக்கமுடியும் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. புதிதாக வருகிறவனுக்கு நியாயமாக இருக்குமா என்பதை அது சொல்லாது.

குழியை 4 கட்டமாக்கிப் பாருங்கள். தாண்டவேண்டியது 52, மிச்சம் 25 பிக்சல், 13 பிரேம். முழுக் காற்றிலும் கவனமாக இருக்கும் ஆள் தாண்டிவிடுவான்.

இன்னொன்று. விளிம்பைவிட்டு இறங்கிய பிறகும் சில பிரேம் ஜம்ப்பை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு உங்கள் கேமில் இருக்கிறதா? 2018-இல் வந்த செலஸ்ட் என்ற கேமில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். விளையாடுகிறவர் கவனிக்கவேமாட்டார், கை நன்றாக ஓடுகிறது என்று மட்டும் தோன்றும். ஒரு 6 பிரேம் கொடுங்கள். உங்கள் அக்கா பையனின் புகாரில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நகரித்_தறி:

மீதிப் பாதி ரேண்டம்.

நான் நகரியில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டில் நூல் அறுந்ததைக் கண் பார்ப்பதற்கு முன் காது சொல்லிவிடும். சத்தத்தில் ஒரு ஒழுங்கு இருப்பதால்தான் அது முடிகிறது. ஒழுங்கே இல்லாத சத்தமாக இருந்தால் அறுந்தது யாருக்கும் தெரியாது.

உங்கள் லெவலில் ஒருவன் விழுகிறான், அடுத்த தடவை காற்று வேறு நேரத்தில் வருகிறது. முதல் தடவை விழுந்ததிலிருந்து அவன் எதைக் கற்றுக்கொள்வான்? ஒன்றுமில்லை. பத்துத் தடவை விழுந்தாலும் பத்தும் முதல் தடவைதான். “சரியாத்தான் குதிச்சேன்” என்று பையன் சொன்னது பொய்யில்லை. காற்று இல்லாத நொடி பார்த்துத்தான் குதித்திருப்பான், நடு அந்தரத்தில் நீங்கள் காற்றைத் திறந்துவிட்டீர்கள்.

2 வினாடி வீசட்டும், 1 வினாடி ஓயட்டும். விழுந்து திரும்ப எழும்போது அந்தச் சுற்று முதலிலிருந்து தொடங்கட்டும். இது ரொம்ப முக்கியம். என் சொந்த லெவலில் நகரும் பலகைகள் இரண்டு வைத்தேன், ஒன்று 2.3 வினாடி, இன்னொன்று 3.1. எப்போது சேரும் எப்போது பிரியும் என்று எனக்கே பிடிபடவில்லை. 2-க்கும் 3-க்கும் மாற்றினேன். 6 வினாடிக்கு ஒருமுறை இரண்டும் சேரும். விளையாடுகிறவர்கள் எண்ணவே இல்லை, இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டார்கள்.

கணவாய்க்காற்று:

அண்ணா, 4 கட்டத்துக்கு இப்போதே மாற்றிவிட்டேன். 6 பிரேமும் சேர்த்தாயிற்று. உண்மையிலேயே கை வேறு மாதிரி ஓடுகிறது.

ஆனால் ரேண்டமை விட மனசு வரவில்லை. எங்கள் ஊர்க் காற்று கடிகாரம் மாதிரி வீசாது. சைக்கிளில் போகும்போது திடீரென்று தள்ளும், மிதிக்க ஆரம்பித்தால் விட்டுவிடும். அந்தத் திடீர்தான் அதன் குணம். அதை எடுத்துவிட்டால் மின்விசிறி வைத்த லெவல் ஆகிவிடாதா?

தேயிலைக்காடு:

மூணாறிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட்டில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், பாடம் முடிந்ததும் என் போன் அவர்கள் கைக்குப் போய்விடும். அப்படித்தான் உங்கள் முதல் மூன்று லெவலும் இங்கே ஓடியது. இரண்டாவது லெவலில் கிணற்றுக்குள் இறங்கும் இடம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், தம்பி. பலகை. உங்கள் அக்கா பையன் எந்த மீடியம்?

இங்கே என்னிடம் வரும் பதினோரு பிள்ளைகளில் நான்கு பேர் தமிழ் படிப்பார்கள். மற்றவர்கள் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கிறவர்கள். வீட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்கள், சண்டை போடுவதும் தமிழில்தான், ஆனால் ‘காற்று ஓயும்வரை நில்’ என்று எழுதியிருந்தால் அவர்களுக்கு அது படம் மாதிரி. நகரி நண்பர் ஊரில் இதே கதை தெலுங்கில் இருக்கும். நீங்கள் பலகையை மூன்று மொழியில் எழுதலாம். ஆனால் ஓடுகிற பிள்ளை எந்த மொழியிலும் நின்று படிக்காது.

1985 மேரியோவின் முதல் லெவலை நினைத்துப் பாருங்கள். ஒரு எழுத்து கிடையாது. ஆள் திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் காலியாக இருக்கிறது, அதனால் வலப்பக்கம் போகிறோம். பெட்டியை முட்டினால் காளான் வருகிறது, வலப்பக்கம் ஓடுகிறது, குழாயில் மோதி நம்மிடமே திரும்பி வருகிறது. அது நல்லதா கெட்டதா என்று தெரியாத பிள்ளைக்கும் அது வந்து ஒட்டிக்கொள்ளும், ஆள் பெரிதாகிவிடுவான். அப்புறம் அந்த லெவலின் கடைசிப் பகுதி. இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிராக, நடுவில் தரை. விழுந்தால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் தள்ளி அதே மாதிரி இரண்டு படிக்கட்டுகள், இப்போது நடுவில் பள்ளம். எல்லாவற்றையும் இடம்தான் சொல்லிக்கொடுக்கிறது. சின்ன வயதில் டிவி கேமில், 9999 கேம் என்று எழுதிய கறுப்புக் கேசட்டில், எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்தேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த கேமை வடிவமைத்த மியாமோட்டோவும் டெசுகாவும் அப்படி நினைக்கவைத்திருக்கிறார்கள்.

உங்கள் கணவாயில் முதல் குழிக்கு அடியில் முள் வேண்டாம், தரை இருக்கட்டும். 2 கட்டக் குழி. காற்று தள்ளும், பிள்ளை விழும், ஏறி வரும். ‘ஓ, இங்கே தள்ளுது’ என்று தெரிந்துவிடும். முள் அதற்கப்புறம்.

காற்று வரப்போகிறது என்பதைக் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும். நீங்களே எழுதியிருக்கிறீர்களே, வேட்டி. கொடியில் ஒரு வேட்டி தொங்கட்டும். காற்றுக்கு அரை வினாடி முன்னால் அதன் நுனி தூக்கட்டும். கண் பார்த்துக் கை அசையவே கால் வினாடி ஆகும், விலை குறைந்த போனில் டச் வேறு தாமதம், அதனால் அரை வினாடிக்குக் குறைக்காதீர்கள். திரையின் கீழ்மூலையில் மட்டும் வைக்கவேண்டாம். போனில் விளையாடும்போது இரண்டு கட்டைவிரல்களும் கீழ் இரண்டு மூலைகளையும் மறைத்துவிடும். இங்கே ஒரு பெண், நீங்கள் மூன்றாவது லெவலின் கீழே வைத்த தேளைப் பார்க்கவே இல்லை, நான் சொல்லித்தான் அங்கே தேள் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

சத்தத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். ராத்திரி அம்மா தூங்கும்போது விளையாடுகிற பிள்ளை சத்தத்தை அணைத்துத்தான் வைத்திருக்கும்.

நகரித்_தறி:

அக்கா சொன்னது எங்கள் தெருவுக்கும் அப்படியே பொருந்தும். என் பெண் தெலுங்கு மீடியம். தமிழில் கதை சொல்வாள், கதை படிக்கமாட்டாள்.

கணவாய் தம்பி, உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சைக்கிளில் போகும்போது காற்று திடீரென்று தள்ளுகிறது என்கிறீர்கள். நிஜமாகவே திடீர்தானா? முன்னால் இருக்கிற பனைமரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓலை சலசலக்கும், அப்புறம்தான் உங்கள் முகத்தில் அடிக்கும். ஊர்க்காரனுக்கு அது தெரியும். வெளியூர்க்காரனுக்குத்தான் திடீர்.

கணவாய்க்காற்று:

இதைப் படித்துவிட்டு மாடிக்குப் போய் நின்று பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, அண்ணா. மேற்கே வாய்க்கால் வரப்பில் வரிசையாகப் பனை நிற்கிறது. தூரத்துப் பனை முதலில் தலையாட்டுகிறது, அப்புறம் பக்கத்துப் பனை, அப்புறம் கொடியில் துணி, அப்புறம் நான். இத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தும் வரிசையாகக் கவனித்ததில்லை.

ரேண்டமை எடுத்துவிடுகிறேன். 2 வினாடி, 1 வினாடி. அக்கா, பையன் மலையாள மீடியம்தான். பலகையையும் எடுத்துவிடுகிறேன்.

புளியரைக்காரன்:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது கோடோ இல்லை, லூனார் மேஜிக். சூப்பர் மேரியோ வேர்ல்டைத் திறந்து லெவல் மாற்றும் எடிட்டர், 2000-இல் வந்தது, இன்றைக்கும் ஆட்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊரிலிருந்து ஆரியங்காவு தாண்டி கழுதுருட்டிப் பக்கம் 13 கண் பாலம் இருக்கிறது. கொல்லம்–செங்கோட்டைப் பாதை, 1904-இல் ரயில் விட்டது. மீட்டர் கேஜ் போய் அகலப்பாதையாகி 2018-இல் திரும்ப முழுதாக ஓடத் தொடங்கியது. அந்தப் பாலத்தை லெவலாகச் செய்தேன். முதலில் பாலத்தின் கண்களைப் பின்னணிப் படத்தில் வரைந்தேன், அழகாகத்தான் இருந்தது. விளையாடியவர்கள் ‘நடுவுல எங்கயோ செத்தேன்’ என்றார்கள். பின்னணி மெதுவாக நகரும், முன்பக்கம் வேகமாக நகரும், அதனால் எந்தக் கண்ணுக்கு நேராகக் குழி என்பது ஒட்டவே இல்லை. கண்களைத் தரையோடு சேர்த்து முன்பக்கத்தில் வரைந்தேன். அன்றையிலிருந்து ‘ஒன்பதாவது கண்ணில் செத்தேன்’ என்கிறார்கள். எங்கே செத்தோம் என்று பெயர் சொல்லத் தெரிந்தவன் திரும்ப வருகிறான்.

உங்கள் பனைமரங்களும் வேட்டியும் அப்படி முன்பக்கத்தில், குழியோடு ஒட்டி நிற்கவேண்டும். மறந்தும் பின்னணியில் போடவேண்டாம். ஒவ்வொரு குழிக்கும் ஒரு அடையாளம் வையுங்கள். ஒன்றுக்கு வேட்டி, ஒன்றுக்குக் கள்ளுப்பானை தொங்கும் மரம், ஒன்றுக்கு உடைந்த மைல்கல், இப்படி.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது, குறுக்கே ஒரே ஒரு விஷயம். கேமை வெளியிடும்போது மேரியோ படம், பெயர், இசை எதுவும் வேண்டாம். 2016-இல் நிண்டெண்டோவின் பழைய கேமான மெட்ராய்டு 2-ஐ ரசிகர் ஒருவர் வருடக்கணக்கில் உழைத்து மறுபடி செய்து வெளியிட்டார். சில நாளிலேயே, மேரியோவுக்கும் சொந்தக்காரரான நிண்டெண்டோ தரப்பிலிருந்து பதிவிறக்க இணைப்புகளை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். மேரியோ ஃபேன் கேம் செய்துகொண்டிருந்த இன்னொருவர் 2011-இல் சொந்தப் பாத்திரங்களோடு டெராரியா என்ற கேமைக் கொண்டுவந்தார், அது உலகம் முழுக்க ஓடியது. உங்கள் கேமில் பனையும் கிணறும் கணவாயும் ஏற்கெனவே உங்களுடையவை. ஆளையும் மாற்றிவிடுங்கள்.

மீனாட்சிபுரம்:

எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், எனக்கு ஒரு சந்தேகம் மட்டும். ஆள் இடமிருந்து வலம் போகிறான். வரைபடத்தில் வலம் என்றால் கிழக்கு. ஆடிக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகும். அப்படியானால் காற்று முதுகில்தானே அடிக்கவேண்டும்? வலப்பக்கத்திலிருந்து வந்தால் அது வாடைக்காலத்துக் காற்று.

ஜப்பானில் 1986-இல் வந்த இரண்டாவது மேரியோவிலும் காற்று உண்டு. இலை பறக்கும், ஆளை வலப்பக்கமே தள்ளும். அதைக் கணக்கில் வைத்துப் பெரிய பள்ளத்தைத் தாண்டவேண்டும்.

கணவாய்க்காற்று:

ஐயா, இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. ஆடிக் காற்றுக்கு முதுகைக் கொடுத்தால் பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர், முகத்தைக் கொடுத்தால் வீட்டுக்குத் திரும்புகிற வழி. எங்கள் ஊரில் சந்தைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது காலுக்குத் தெரியும்.

அப்படியானால் லெவலையே இப்படி மாற்றினால்? ஆள் முதலில் வலப்பக்கம் போகிறான், காற்று முதுகில். எல்லைவரை போய் ஒரு பொருளை எடுக்கிறான். அப்புறம் அதே வழியாக இடப்பக்கம் திரும்பி வருகிறான். அதே குழிகள், அதே வேட்டி, அதே பனை. இப்போது காற்று முகத்தில்.

கணக்கும் போட்டேன். முதுகுக் காற்றில் வேகம் 190, 133 பிக்சல், எட்டுக் கட்டத்துக்கு மேல். 7 கட்டக் குழி ஒன்று வைத்தால் போகும்போது பறந்து தாண்டலாம், 10 பிரேம் இடம் இருக்கிறது. திரும்பும்போது 77 பிக்சல்தான், தாண்டமுடியாது. அதற்குக் கீழே வாய்க்கால் வழியாக ஒரு பாதை விடுகிறேன். மற்றக் குழிகள் எல்லாம் 4 கட்டம், இரண்டு பக்கமும் தாண்டலாம். முதல் குழி மட்டும் அக்கா சொன்னபடி 2 கட்டம், அடியில் தரை.

தேயிலைக்காடு:

இதைவிட நல்ல யோசனை இருக்கமுடியாது. போகும்போதே எல்லாக் குழியையும் பார்த்துவிடுகிறான், பயமில்லாமல். திரும்பும்போது புதிதாகக் கற்கவேண்டியது காற்று ஒன்றுதான். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பொருளை எடுத்த இடத்திலேயே செக்பாயின்ட், அதாவது விழுந்தால் திரும்ப எழும் இடம், வேண்டும். திரும்பும்போது விழுகிற பிள்ளையை மறுபடி போகும் வழியில் விடாதீர்கள்.

வாளையார்_8பிட்:

அந்த 7 கட்டக் குழியைத் திரும்பும்போது தாண்டவே முடியாது என்பது முழுக்கச் சரியில்லை, தம்பி. காற்று ஓயும் 1 வினாடிக்குள் குதித்தால் 105 பிக்சல். தாண்டவேண்டியது 100. ஐந்து பிக்சல், இரண்டு பிரேம் இடம் இருக்கிறது. விளிம்புக்கு நீங்கள் கொடுத்த 6 பிரேம் வேறு. வேகமாக முடிக்கிறவர்கள் ஒரு வாரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள். கண்டுபிடிக்கிறவனுக்கு அது பரிசு.

கணவாய்க்காற்று:

அடைக்கமாட்டேன், அண்ணா. வாய்க்காலுக்கு மேலே ஒற்றைப் பனை ஒன்றை மட்டும் அங்கே நிற்கவைக்கிறேன், ஓலை நிற்கும் நொடி தெரியட்டும் என்று.

மூன்று ராத்திரி வேலை. புதிய பதிப்பை வழக்கமான இடத்தில் போட்டிருக்கிறேன். ஆளையும் மாற்றிவிட்டேன், இப்போது சைக்கிள் டயரைத் தோளில் மாட்டிய ஒரு பெண். எடுத்துவரவேண்டிய பொருள் சந்தையில் வாங்கிய பம்ப். அக்கா பையனுக்கு நாளைக்குத்தான் லீவு, அதனால் முதலில் உங்களுக்கு.

புளியரைக்காரன்:

விளையாடினேன். போகும்போது ஒரு தடவைகூட விழவில்லை. திரும்பும்போது வேட்டிக் குழியில் விழுந்தேன். நுனி தூக்கியதைப் பார்த்தேன், பார்த்தும் குதித்துவிட்டேன். இன்னொரு தடவை போகிறேன்.